தேடுகிறவர் கைக்கு எட்டும் பொருள் தலைப்பு

சயாம் ரயில் பாதை போடப் போன தாத்தாவைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கும் ஒரு பெண், கைப்பேசியில் எதைத் தட்டித் தேடுவாள்? "சயாம் மரண ரயில்" என்று தட்டுவாள். தாத்தா வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைத் தட்டுவாள். பாட்டி வாயில் வந்த "ஜப்பான்காரன் காலம்" என்பதை அப்படியே தட்டினாலும் தட்டுவாள். "உலகப் போர், 1939–1945 — கட்டாய உழைப்பு — தாய்லாந்து" என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே தோன்றாது. பெரிய நூலகங்களின் பட்டியலில் அந்த விஷயம் ஏறக்குறைய அந்த வடிவத்தில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோலகங்சார் மாவட்டத்தில், ரப்பர் தோட்டங்களை நம்பி வளர்ந்த டவுன். இப்போது சுற்றிலும் செம்பனையும் தாமான் எனப்படும் புதுக் குடியிருப்புகளுமாக மாறிக்கொண்டு வருகிறது. தமிழ்ப்பள்ளி ஒன்றில் பல வருடம் வள மையத்தைப் பார்த்துக்கொண்டவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, இந்த வட்டாரத் தோட்டங்களின் பழைய படங்கள், பெரியவர்களின் ஒலிப்பதிவுகள், கோயில் திருவிழா மலர்கள், சம்பளச் சீட்டுகள் இவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்தேன். ஏற்றுகிற வேலையைப் பதினாறு வயதுப் பிள்ளை ஒரு மாலையில் கற்றுக்கொள்கிறது. ஏற்றியதை இன்னொருவர் தேடிக் கண்டெடுக்கும்படி விவரிப்பதற்குத்தான் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. அதில் முக்கியமான இடம் பொருள் தலைப்புக்கு.

பொருள் தலைப்பு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு புத்தகமோ படமோ எதைப் பற்றியது என்பதை, நூலகர் தன் மனம்போனபடி எழுதாமல், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு சொல் பட்டியலிலிருந்து எடுத்துப் போடுகிறார். ஒருவர் "ரப்பர் தோட்டம்" என்றும் இன்னொருவர் "இரப்பர் எஸ்டேட்" என்றும் போட்டுவிட்டால் ஒரே விஷயம் இரண்டு இடத்தில் சிதறிப் போகும். சிதறாமல் காப்பதுதான் அதன் வேலை.

உலகில் அதிகம் புழங்கும் பட்டியல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வைத்திருப்பது. 1898இல் தொடங்கி, 1909 முதல் 1914 வரை பகுதி பகுதியாக அச்சில் வந்தது. அது அட்டைகளும் இழுப்பறைகளும் இருந்த காலம். தலைப்புக்கு ஓர் அட்டை, அட்டைகள் அகர வரிசையில். வாசகர் இழுப்பறையைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். ஆகவே ஒரே வரியில் பொருள், அதன் உட்பிரிவு, இடம், காலம், வடிவம் எல்லாவற்றையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் கோத்து எழுத வேண்டியிருந்தது. "மலாயா — வரலாறு — மலாயா அவசரகாலம், 1948–1960" என்பது அப்படிக் கோத்த ஒரு தலைப்பு. எங்கள் ஊருக்கு இது அந்நியமான உதாரணம் இல்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அந்த அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அதைக் "கம்யூனிஸ்ட் காலம்" என்றுதான் சொல்வார்கள்.

கோத்து எழுதும் முறை அழகானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதைச் சரியாகக் கோப்பதற்கு ஒரு தனிப் படிப்பு வேண்டும். எந்தத் தலைப்புக்குப் பின்னால் இடப் பெயர் வரலாம், எதற்கு வரக்கூடாது, எந்த உட்பிரிவை எதோடு ஒட்டலாம், இடம் முதலில் வருமா பொருள் முதலில் வருமா என்று ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கிறது. அந்த விதிகளுக்கென்றே பருத்த கையேடு ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியலாக்கத்துக்கென்று ஆள் இருப்பார். எங்கள் குழுவில் கடை முடித்துவிட்டு வருகிறவர்களும், எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும்தான். அவர்கள் கையில் அந்தக் கையேட்டைக் கொடுத்தால் மறு வாரம் வரமாட்டார்கள்.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. இணையம் பெருகத் தொடங்கியபோதே பெரிய நூலகங்களுக்கும் வந்தது. 1995 மார்ச்சில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் என்ற ஊரில், ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பின் தலைமையகத்தில் கூடிப் பேசினார்கள். இணையத்தில் உள்ள ஒன்றை, நூலகர் அல்லாதவரும் விவரிக்கும்படி ஓர் எளிய சட்டகம் வேண்டும் என்பது பேச்சு. அதிலிருந்து வளர்ந்ததுதான் பதினைந்து புலங்கள் கொண்ட டப்ளின் கோர். தலைப்பு, ஆக்கியவர், தேதி, மொழி, உரிமை என்று யாருக்கும் புரியும் புலங்கள். "பொருள்" என்பதும் அவற்றில் ஒன்று. சரி, அந்தப் புலத்தில் எந்தச் சொல்லைப் போடுவது? சட்டகத்தை எளிமையாக்கிவிட்டு, உள்ளே போடும் சொல்லை மட்டும் பழைய கோவையாகவே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

அந்த மீதிப் பாதிக்காக, 1998இல் ஓசிஎல்சியும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கின. அதன் பெயர் ஃபாஸ்ட். புதிதாகச் சொற்களை உண்டாக்காமல், பழைய பட்டியலின் சொற்களையே எடுத்துக்கொண்டு, கோத்திருந்த நூலை மட்டும் அறுத்துவிட்டார்கள். பொருள் தனி, இடம் தனி, காலம் தனி, நிகழ்ச்சி தனி, ஆள் பெயர் தனி, நிறுவனப் பெயர் தனி, படைப்பின் பெயர் தனி, வடிவம் தனி என்று எட்டுக் கூறுகள். எது முன்னால் எது பின்னால் என்ற கேள்வியே இல்லை. தேவையானதை எடுத்து, அதனதன் இடத்தில் போட வேண்டியதுதான். காலத்தைத் தவிர மற்ற எல்லாக் கூறுகளிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பதிவும் எண்ணும் உண்டு. காலத்துக்கு வெறும் ஆண்டுகள் போதும்.

மேலே சொன்ன அவசரகாலத் தலைப்பை இந்த முறையில் பிரித்தால், இடம் மலாயா, நிகழ்ச்சி மலாயா அவசரகாலம், காலம் 1948 முதல் 1960 வரை என்று வந்துவிடும். எங்கள் சேகரிப்பில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருக்கும் படம் ஒன்று உண்டு. அவசரகாலத்தில் தோட்டத்து ஆட்களை ஒரே இடத்தில் ஒதுக்கி வேலி போட்டுக் காவல் வைத்தார்கள். அந்தப் படத்துக்கு இந்த மூன்றோடு "தொழிலாளர் குடியிருப்பு" என்ற பொருளும், "நிழற்படம்" என்ற வடிவமும், தோட்டத்தின் பெயரும் சேர்த்தால் முடிந்தது. நாளைக்கு ஒருவர் வேலி போட்ட குடியிருப்புகளைப் பற்றி ஆராய வந்தாலும், இன்னொருவர் வெறுமனே 1950களின் படங்களைப் பார்க்க வந்தாலும், வேறொருவர் தன் தோட்டத்தைத் தேடி வந்தாலும் இதே படம் அகப்படும். கோத்த ஒரே வரியில், முதல் சொல் தெரிந்தவருக்குத்தான் அது சுலபமாகக் கிடைத்திருக்கும்.

கூறு கூறாகப் பிரிக்கும் இந்த யோசனையின் வேர் சீர்காழியில் இருக்கிறது என்பதை நம் ஆட்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 1892இல் சீர்காழியில் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். சென்னையில் கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். படிப்புக்காக லண்டன் போனபோது, அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில இரும்புப் பட்டைகள், திருகாணிகள், சக்கரங்கள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாக வைத்துக்கொண்டு தேவைப்படி பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறையில், எந்தப் பொருளையும் அதன் தனித்தன்மை, பண்டம், செயல், இடம், காலம் என்று ஐந்தாகப் பார்க்கும் பார்வை பின்னால் தெளிவாக வளர்ந்தது. ஃபாஸ்ட் அவருடைய முறையின் நேர் நகல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கூறுகளாகப் பகுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை நூலக உலகத்துக்கு ஒரு முறையாக வகுத்துக் கொடுத்தவர் அவர்தான். 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பொருள் தலைப்பைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் நான் அந்த விதியிடம்தான் போய் நிற்பேன்.

இனி எங்கள் அனுபவத்துக்கு வருகிறேன். எட்டுக் கூறுகளையும் எட்டுக் கேள்விகளாக மாற்றிக்கொண்டோம். இது எதைப் பற்றியது? எந்த இடம்? எப்போது? என்ன நடந்தபோது? யார் இருக்கிறார்கள்? எந்த நிறுவனம், கோயில், பள்ளி, சங்கம்? எந்த நூலையோ நாடகத்தையோ பற்றியதா? இது என்ன வடிவம், படமா, மலரா, ஒலிப்பதிவா? தெரியாத கேள்வியைக் காலியாக விட்டுவிடலாம். ஊகித்து நிரப்பக்கூடாது என்பது ஒன்றுதான் கண்டிப்பு. பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்ட வேகம் எனக்கே வியப்பாக இருந்தது. ஒரு பெரியவரைப் பேச வைத்துப் பதிவு செய்யும்போதே, விட்டுப்போன கூறு எது என்று பார்த்து அவரிடமே கேட்டுவிடுகிறார்கள். பேட்டியும் இதனால் நன்றாக வருகிறது.

சொற்களில்தான் வாதம் நிறைய. தோட்டத்துத் தாய்மார்கள் மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தின் படம் ஒன்று வந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்.

"டீச்சர், இதுக்குக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்னு போடவா?"

பக்கத்தில் இருந்தவர் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர்தான் நடமாடும் ஆவணம். "ஆயாக் கொட்டகைன்னு போடும்மா. நீ சொல்றத எவன் தேடுவான்?" என்றார்.

இரண்டு பேருமே சரிதான் என்று நான் சொன்னேன். அந்த வட்டாரத்து மனிதர் "ஆயாக் கொட்டகை" என்று தேடுவார். பினாங்கிலோ சென்னையிலோ உட்கார்ந்து பெண் தொழிலாளர்களைப் பற்றி ஆராய்கிறவருக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். அவர் பொதுச் சொல்லைத்தான் தட்டுவார். ஆகவே முதன்மைச் சொல்லாக "ஆயாக் கொட்டகை"யை வைத்து, பொதுச் சொல்லிலிருந்து அதற்கு வழிகாட்டினோம். பால்மரம் வெட்டுதல், மரம் சீவுதல், ரப்பர் பால் எடுத்தல் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், தண்டல் இவற்றுக்கெல்லாம் தனித் தனியாக ஒரு வரி விளக்கம் எழுதி வைத்திருக்கிறோம். இன்றைய பிள்ளைகளில் பலர், அதிகாலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டைப் பார்த்ததே இல்லை.

பெரிய பட்டியலில் இல்லாத சொல்லை நாங்களாகச் சேர்க்கலாமா என்று ஒரு நூலகர் நண்பர் தயங்கினார். சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெரிய நிறுவனங்களின் பட்டியல் மெதுவாகத்தான் மாறும். சமையலுக்கு மக்கள் கைவிட்ட பழைய ஆங்கிலச் சொல்லை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2010இல்தான் மாற்றியது. மனிதர்களை இழிவாகச் சுட்டும் தலைப்புகளைப் பற்றி சான்ஃபோர்ட் பெர்மன் என்ற நூலகர் 1971இலேயே ஒரு நூல் எழுதினார். ஜாம்பியாவில் வேலை பார்த்தபோது, அங்குள்ள மக்களை வசைச்சொல்லால் குறிக்கும் தலைப்பைப் பட்டியலில் கண்டு கொதித்தவர் அவர். அவர் எடுத்துக் காட்டியவற்றில் பல பின்னால் மாறின. அவற்றில் சில மாறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. பழைய ஆவணங்களில் "கூலி" என்று இருப்பதை நாங்களும் ஆவணத்தின் சொந்தத் தலைப்பில் அழிப்பதில்லை, அது வரலாறு. நாங்கள் போடும் பொருள் தலைப்போ "தோட்டத் தொழிலாளர்" என்பதுதான். அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள்தான் இதைத் தேடி வருகிறார்கள்.

இடம் என்ற கூறு பார்ப்பதற்கு எளிது, வேலை அதிகம். பேராக்கிலேயே இரண்டு சுங்கை சிப்புட் இருக்கின்றன, வடக்கு ஒன்று, தெற்கு ஒன்று. எங்களுடையது வடக்கு. அதனால் ஃபாஸ்ட் செய்வதுபோலவே பெரியதிலிருந்து சிறியதற்குப் போகிறோம். மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் வடக்கு, அப்புறம் தோட்டம், அப்புறம் டிவிஷன். பெயர் மாறிய ஊர்கள் வேறு இருக்கின்றன. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகமாயிற்று. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. கப்பலில் வந்த தாத்தாவின் கடிதத்தில் பழைய பெயர்தான் இருக்கும், பேரன் தேடுவது புதிய பெயரை.

ஊர்ப் பெயராவது அரசிதழில் ஏறும். தோட்டத்துக்குத் தமிழர் வைத்த பெயர்கள் எங்கும் ஏறவில்லை. கம்பெனி வைத்த பெயர் ஒன்று, துரையின் பெயராலோ ஆற்றின் பெயராலோ முதன்முதலில் ஆள் கொண்டுவந்த கங்காணியின் பெயராலோ மக்கள் அழைத்தது இன்னொன்று. ஒருமுறை பலகையில் எழுதியிருந்த பெயரை நாங்கள் படித்துக் காட்டியபோது, எங்கள் கிராணி ஐயா, "டீச்சரம்மா, அந்த டிவிஷனை நாங்க ஒரு நாளும் அந்தப் பேர்ல கூப்பிட்டதில்ல" என்றார். பிறகு அவர் சொன்ன பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. என்னைக் கேட்டால், எங்கள் முழு வேலையிலும் மிகப் பெறுமதியானது இந்தப் பெயர்ப் பட்டியல்தான். லயங்கள் இடிக்கப்பட்டு, ஆட்கள் டவுனுக்கு வந்துவிட்ட பிறகு, அந்தப் பெயர்கள் வயதானவர்களின் வாயில் மட்டும்தான் இருக்கின்றன. தெரிந்தவரை வரைபடப் புள்ளியையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறோம்.

நிறுவனப் பெயரிலும் இதே தொல்லை, கொஞ்சம் குறைவு. ஒரே தோட்டம் வெள்ளைக்காரக் கம்பெனியிடம் இருந்து, மலேசிய நிறுவனத்துக்குப் போய், 2007இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி மூன்றும் இணைந்தபோது மறுபடி பெயர் மாறியிருக்கும். தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வாங்கிய தோட்டங்களும் உண்டு. அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் அந்தச் சங்கத்தின் பங்குச் சீட்டுகளை நிறையப் பேர் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஆவணம் எழுதப்பட்ட நாளில் இருந்த பெயரைப் போட்டு, முன்பின் பெயர்களோடு இணைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, பிரிப்பதால் வரும் இழப்பையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அது சின்ன இழப்பு இல்லை. கோத்த வரியில் சொற்களின் வரிசையே ஒரு பொருளைச் சொல்லும். "தத்துவம் — வரலாறு" என்றால் தத்துவம் வளர்ந்த கதை. "வரலாறு — தத்துவம்" என்றால் வரலாறு என்பது என்ன என்ற விசாரணை. கோத்த இழையை அறுத்துத் தனித் தனியாகப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

எங்களிடம் வந்த ஒரு ஒலிப்பதிவில் இதை நேரடியாகப் பார்த்தேன். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனார்கள். இங்கேயே பிறந்து, பதிந்துகொள்ளாமல் விட்ட பிள்ளைகளும் போனார்கள். ஒரு பாட்டி தன் அண்ணன் குடும்பத்தைக் கப்பல் ஏற்றிவிட்ட கதையைச் சொல்கிறார். இதற்குக் கூறுகள் போட்டால், தோட்டத் தொழிலாளர், இடப்பெயர்வு, மலேசியா, இந்தியா, 1969–1970. இதே கூறுகளைக் கொஞ்சம் ஆண்டு மாற்றிப் போட்டால், 1938இல் இந்திய அரசு கங்காணி முறை ஆள்சேர்ப்பை நிறுத்துவதற்கு முன்னால் இங்கே வந்தவர்களின் கதையும் வந்து நிற்கும். வந்ததும் போனதும் ஒன்றுபோலவே தெரிகிறது. எந்தத் திசைக் கப்பல் என்பதைத் தனித்தனிச் சொற்கள் சொல்லவில்லை. அந்தப் பாட்டிக்கு உலகத்திலேயே முக்கியமான விஷயம் அந்தத் திசைதான்.

இந்த விவாதம் நூலக உலகத்தில் சூடாகவே நடந்தது. 2006இல் கேரன் கல்ஹூன் லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்காகத் தயாரித்த அறிக்கை, கோத்தெழுதும் தலைப்பு முறையையே கைவிடலாம் என்ற அளவுக்குப் போனது. அதே நூலகத்தில் வாசகர்களுக்கு வழிகாட்டும் பணியில் இருந்த தாமஸ் மேன் கடுமையாக எதிர்த்தார். கோத்த தலைப்புகள் வரிசையாகக் கண்முன் வரும்போதுதான், தனக்கு எதைக் கேட்கத் தெரியாது என்பதையே வாசகர் கண்டுகொள்கிறார் என்பது அவர் தரப்பு. 2007இல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கோத்தெழுதும் முறையை வைத்துக்கொள்வதென்றே முடிவு செய்தது. இன்று இரண்டும் பக்கம் பக்கமாக வாழ்கின்றன. பல இலட்சம் புத்தகங்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் உள்ள இடத்துக்கு அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். தாமஸ் மேன் சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் மனதில் இருந்தது ஆராய்ச்சி நூலகம். எங்களுடையது, விவரிக்கிறவரும் தேடுகிறவரும் ஒரே தெருவில் இருக்கும் சேகரிப்பு. எங்களிடம் கோத்தெழுத ஆள் இல்லை. ஆள் இல்லாததால் விவரிக்காமலே விட்ட ஒலிப்பதிவு, திசை தெரியாத ஒலிப்பதிவைவிட மோசம். அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஆகவே கூறுகளோடு ஒரு வாக்கியத்தைக் கட்டாயமாக்கினோம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே ஒரு முழு வாக்கியம், எழுவாயும் பயனிலையுமாக. "பெர்மிட் கிடைக்காததால் 1970இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய அண்ணன் குடும்பத்தைப் பற்றித் தங்கை சொல்கிறார்." யார், எங்கிருந்து, எங்கே, ஏன் என்று திசை முழுக்க அதில் வந்துவிடுகிறது. தேடுபொறி வாக்கியத்தையும் படிக்கும். கூறுகள் ஒன்று சேர்க்கும், வாக்கியம் பிரித்துக் காட்டும். வாக்கியம் எழுதச் சிரமப்படும் பிள்ளைகள், பதிவை இன்னொரு முறை கேட்டுவிட்டு வந்து எழுதுகிறார்கள். அதுவும் நல்லதற்குத்தான்.

வடிவம் என்ற கூறை முதலில் நான் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது அதைத்தான் பலர் முதலில் சொடுக்குகிறார்கள். திருவிழா மலர், திருமண அழைப்பிதழ், கருமக்கிரியைப் பத்திரிகை, செக்ரோல் எனும் தோட்டத்து ஆள் பதிவேடு, பள்ளி வருகைப் பதிவேடு. சம்பளச் சீட்டைப் பற்றிய கட்டுரை வேறு, சம்பளச் சீட்டே வேறு. பொருளில் போட வேண்டியதை வடிவத்தில் போட்டால் இரண்டும் கலந்துவிடும் என்பதை மட்டும் புதியவர்களுக்கு அழுத்திச் சொல்கிறோம்.

தமிழில் சொல் வைத்துவிட்டு, அதற்கு இணையான ஃபாஸ்ட் எண் இருந்தால் அதையும் பக்கத்தில் குறித்துவிடுகிறோம். அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. சொல் எங்களுடையதாகவும் எண் எல்லாருக்கும் பொதுவாகவும் இருப்பதால், மலாயில் தேடும் மாணவரும் ஆங்கிலத்தில் தேடும் ஆய்வாளரும் ஒருநாள் அந்த எண் வழியாக இங்கே வந்து சேர வழி இருக்கும். இணை கிடைக்காத சொற்களுக்கு எங்கள் சொந்த எண். "ஆயாக் கொட்டகை"க்கும் தோட்டத்துத் தமிழ்ப் பெயர்களுக்கும் அப்படித்தான்.

இன்னும் முடிவாகாதது ஆள் பெயர்கள். கங்காணிகள், கிராணிகள், தொழிற்சங்கக்காரர்கள், கோயில் தலைவர்கள் பெயர்களைப் போடுவதில் தடையில்லை, மலர்களில் அவை அச்சாகியே இருக்கின்றன. பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களும், சில பழைய தாள்களில் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் சாதியும் வேறு விஷயம். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று உயிரோடு, இதே டவுனில் இருக்கிறார்கள். தேடினால் ஒரு சொடுக்கில் அது வந்து நிற்கக்கூடாது என்பது என் கருத்து. எளிமையாக்கிய தலைப்பு நல்லதை எவ்வளவு சுலபமாகக் கண்டெடுக்குமோ, புண்படுத்துவதையும் அவ்வளவு சுலபமாகக் கண்டெடுக்கும். குழுவில் இரண்டு பேர், ஆவணத்தில் உள்ளதை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்போதைக்கு அந்தப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து பத்திரமாக வைத்திருக்கிறோம். பள்ளியின் பெயர், ஆண்டு, வடிவம் இந்த மூன்று கூறுகளை மட்டும் பொதுவில் போட்டிருக்கிறோம். தன் பெயரோ தன் பெற்றோர் பெயரோ அதில் இருக்கிறதா என்று கேட்டு நேரில் வருகிறவருக்கு, அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுகிறோம்.